ஆங்கிலம் போதாது என்று சொல்லி அனுப்பாதீர்கள்

சிங்கப்பூர்க் கல்வி அமைச்சின் பாடத்திட்டப் பிரிவினருக்கும், உயர்நிலைப் பள்ளிகளில் வரலாறு, அறிவியல், கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

என் மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். சென்ற பெற்றோர் சந்திப்பில், வரலாற்றில் அவள் மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்டேன். "ஆங்கிலம் போதவில்லை, வீட்டில் ஆங்கிலத்தில் பேசிப் பாருங்கள்" என்றார்கள். வீட்டில் நாங்கள் தமிழ் பேசுகிறோம். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல் முள்ளாகக் குத்தியது. அன்றிரவே அவளுடைய விடைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஜப்பானியர் ஆட்சிக்காலச் செய்தித்தாள் பகுதி ஒன்றைக் கொடுத்து, 1942க்குப் பிறகு இங்கே மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு அதை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டிருந்தார்கள். மக்கள் நிறைவாக வாழ்ந்தார்கள் என்றது அந்தப் பகுதி. என் மகள் அதை அப்படியே ஏற்று, பிழையில்லாத ஆங்கிலத்தில் அழகாகச் சுருக்கியிருந்தாள். இலக்கணப் பிழைக்காக ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. எழுதியவர் யார், அச்சிட அனுமதித்தவர் யார், யார் படிப்பதற்காக எழுதினார்கள் என்ற கேள்விகள்தாம் இல்லை. அறிவியல் பாடநூலை எழுதியவரைச் சந்தேகித்துப் பழக்கமில்லாதவள் அவள். வரலாற்றில் அந்தச் சந்தேகம்தான் முதல் வேலை என்று அவளுக்கு யாரும் உடனிருந்து காட்டவில்லை. இதை ஆங்கிலக் குறை என்று எப்படிச் சொல்வது?

அறிவியலிலும் இதே கதைதான். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சன்னலுக்கு வெளியே கழியில் காயும் துணியை அவள் தினமும் பார்க்கிறாள். துணி ஏன் சீக்கிரம் காய்ந்தது என்ற கேள்விக்கு "காற்று வீசியதால்" என்று தொடக்கப்பள்ளியில் எழுதினாள். பாட்டியிடம் சொல்ல அது போதும். துணியை ஒட்டியிருக்கும் நீராவியைக் காற்று அகற்றுகிறது, அதனால் நீர் விரைவாக ஆவியாகிறது என்ற இடைக்கண்ணியை அறிவியல் கேட்கிறது. அந்தக் கண்ணியைத் தேடக் கற்றுக்கொடுக்காமல், துணைப்பாட வகுப்பில் முக்கியச் சொற்களின் பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். பிள்ளை கேள்வியைப் பார்க்காமல் பட்டியலைத் தேடுகிறாள். 'ஃபேக்டர்' என்ற ஒரே சொல் கணிதத்தில் மீதமின்றி வகுக்கும் எண். வரலாற்றிலோ அது ஒரு நிகழ்வுக்கான காரணம். ஆங்கில ஆசிரியர் எத்தனை வேறுபாடுகளைத்தான் சொல்லிக்கொடுப்பார்?

தமிழ் வகுப்பில் குறளைக் கையில் கொடுத்துப் படித்துக்கொள் என்று விட்டுவிடுவதில்லை. பதம் பிரித்து, சொற்களைக் கொண்டுகூட்டி, மறைந்து நிற்கும் எழுவாயைக் காட்டிய பிறகே பொருள் சொல்கிறோம். தமிழ் தெரிந்தவனுக்கும் செய்யுளைப் படிக்கத் தனியே பழக வேண்டும் என்பது நம் உரையாசிரியர்கள் பல நூற்றாண்டுகளாக அறிந்த செய்தி. வரலாற்று ஆவணத்துக்கும் ஆய்வு அட்டவணைக்கும் அப்படி ஓர் உரையாசிரியர் வேண்டாமா?

இது அமைச்சுக்குப் புதிய செய்தியன்று. 2011இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் ஆங்கிலமொழிக் கழகம், அந்தந்தப் பாடத்தின் மொழி அந்தந்தப் பாட ஆசிரியருக்கும் உரியது என்ற எண்ணத்தோடு பள்ளிகளுடன் பணியாற்றியிருக்கிறது. 2024 முதல் உயர்நிலை ஒன்றில் சேர்வோருக்கு தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு பிரிக்கும் விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகளும் இல்லை. ஒரு பிள்ளை ஆங்கிலத்தை ஜி2 என்ற நடுநிலையிலும் அறிவியலை அதைவிடக் கடினமான ஜி3 நிலையிலும் படிக்க நீங்களே வழிசெய்திருக்கிறீர்கள். அதன் பிறகும் எல்லாப் பாடத்துக்கும் ஆங்கிலத்தையே காரணம் காட்டுவது அந்த மாற்றத்துக்கே முரண்.

ஆசிரியர்களுக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். பாடப்பகுதியை முடிக்கும் ஓட்டத்தில் நின்று சொல்லித்தர முடிவதில்லை. ஆகவே அமைச்சிடம் கேட்கிறேன்: சில பயிற்சித்தாள்களைக் குறைத்து அந்த நேரத்தை அவர்களுக்குக் கொடுங்கள். ஆசிரியர் ஒரு பக்கத்தை வகுப்பின் முன் வாய்விட்டுப் படிக்கட்டும். எந்த வரியில் நிற்கிறார், எதைச் சந்தேகிக்கிறார், எந்த எண்ணுக்காக வரைபடத்துக்குத் திரும்புகிறார் என்று பிள்ளைகள் பார்க்கட்டும். பிறகு அவர்களே எழுதி, திருத்தி, மீண்டும் எழுதட்டும்.

அடுத்த சந்திப்புக்கும் நான் வருவேன். மதிப்பெண் பட்டியலோடு என் மகள் எழுதிய ஒரு விடையையும் மேசைமேல் வையுங்கள். அவள் எந்த வரியில் வழி தவறினாள் என்று விரல் வைத்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
செங்காங்கிலிருந்து ஒரு தாய்