ஆண்டறிக்கை: ரிப்போர்ட் நார்மல், மாத்திரை தொடர்கிறது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் தன்னெதிர்ப்புக் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்காக நாமே நடத்தும் இந்தச் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இந்த ஆண்டும் புதிதாகச் சேர்ந்தவர்களில் பெண்களே அதிகம். இவ்வகையில் வரும் கல்லீரல் அழற்சியான ஆட்டோஇம்யூன் ஹெப்படைட்டிஸின் போக்கே அதுதான். சிலர் மஞ்சள் காமாலையோடு போய்க் கண்டறியப்பட்டவர்கள். சிலருக்கு வேறெதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி அளவு ஏறியிருந்தது. வைரஸ் இல்லை, மது இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்து, ரத்தத்தில் ஐஜிஜி, ஏஎன்ஏ என்ற எதிர்ப்புப் புரதங்களைப் பார்த்து, கல்லீரல் திசுவைக் கொஞ்சம் எடுத்துச் சோதிக்கும் பயாப்சி எடுத்த பிறகுதான் பெயர் தெரிந்தது. வந்த எல்லோரிடமும் இருந்த முதல் கேள்வி ஒன்றுதான்: “மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?” ஆண்டின் வாசிப்புக் கூட்டங்களை இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைக்கலாம் என்று செயற்குழு முடிவு செய்தது. நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

முதல் கூட்டத்தில் பழைய ஆய்வுகளை எடுத்தோம். லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஷீலா ஷெர்லாக் குழுவினர் நடத்திய ஆய்வு 1971-ல் வெளியானது. 49 நோயாளிகளில் 22 பேருக்குப் பிரெட்னிசலோன் கொடுத்தார்கள், 27 பேருக்கு அந்த ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுக்கவில்லை. கொடுத்தவர்களில் இறந்தவர்கள் 3 பேர். கொடுக்காதவர்களில் 15 பேர். ஸ்டீராய்டால் முகம் வீங்குகிறது, தூக்கம் போகிறது, சர்க்கரை ஏறுகிறது என்று நாம் புலம்புவது நியாயம்தான். ஆனால் அந்த மாத்திரை வருவதற்கு முன் இந்த நோய் எப்படிப்பட்டது என்பதை அந்த இரண்டு எண்களைப் போல வேறெதுவும் சொல்லாது. வாசித்து முடித்ததும் அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அடுத்து எடுத்தது லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் 1995 ஆய்வு. நோய் அடங்கியிருந்த 72 பேருக்கு ஸ்டீராய்டை மெல்லக் குறைத்து நிறுத்திவிட்டு, நோய் எதிர்ப்பை அடக்கும் இன்னொரு மாத்திரையான அசாதையோபிரினை மட்டும் உடல் எடைக்குக் கிலோவுக்கு 2 மி.கி. வீதம் தொடர்ந்தார்கள். 60 பேருக்கு நோய் அடங்கியே இருந்தது. ஸ்டீராய்டை விட்டபோது பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மூட்டு வலி வந்தது என்ற வரியை வாசித்ததும் பின்வரிசையில் ஒரு சலசலப்பு. “அப்படியானால் எனக்கு வந்தது வாதம் இல்லையா?” என்று ஒரு அம்மா கேட்டார். மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள் என்றுதான் சொன்னோம். ஆனாலும் அவர் முகத்தில் தெரிந்த தெளிவுக்காகவே அந்தக் கூட்டம் நடத்தியது வீண்போகவில்லை.

நிறுத்துவது பற்றிய கேள்விக்கு நேரடியாகப் பதில் சொன்னது 2013-ல் வந்த நெதர்லாந்து ஆய்வு. குறைந்தது இரண்டு ஆண்டுகள் நோய் அடங்கியிருந்தவர்களுக்கு மருந்தை நிறுத்திப் பார்த்ததில், ஓராண்டுக்குள் 59 சதவீதம் பேருக்கும் மூன்றாண்டுக்குள் 81 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. ரிப்போர்ட் நார்மல் என்றால் மாத்திரை வேலை செய்கிறது என்று பொருள். நோய் போய்விட்டது என்று பொருள் இல்லை. நிறுத்தியும் நன்றாக இருப்பவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது ஆண்டுக்கணக்கில் எஸ்ஜிபிடியும் ஐஜிஜியும் சரியாக இருந்த பிறகு, மருத்துவர் கண்காணிப்பில் எடுக்க வேண்டிய முடிவு. நம் இளம் உறுப்பினர் ஒருவர் உடம்பு நன்றாக இருக்கிறதே என்று தானாகவே விட்டுவிட்டு, மீண்டும் முழு அளவு ஸ்டீராய்டில் தொடங்க வேண்டியதாயிற்று. மற்றவர்களுக்குச் சொல்லுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டதால் இதை இங்கே பதிவு செய்கிறேன். நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டால் உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பியும் சமாளிக்காது. அது தனி ஆபத்து.

நாம் அச்சிட்ட பரிசோதனைக் குறிப்பேடு எதிர்பார்த்ததைவிட நன்றாகப் பயன்படுகிறது. தேதி, எஸ்ஜிபிடி போன்ற இன்னொரு அளவான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, ஐஜிஜி, வெள்ளை அணுக்கள், தட்டணுக்கள், அன்றைய ஸ்டீராய்டு அளவு என ஒரே வரியில் எழுதலாம். வெள்ளை அணுக் கட்டத்தைச் சிவப்பில் அடிக்கச் சொன்னதற்குக் காரணம் அசாதையோபிரின். டிபிஎம்டி, என்யுடிடி15 ஆகிய மரபணுக்களில் மாற்றம் உள்ளவர்களுக்கு அது ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையைப் பலமாக அடக்கிவிடும். இரண்டாவது மரபணுவின் மாற்றம் ஆசிய மக்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. யூரிக் அமிலத்துக்கு அலோபூரினால் எழுதிக் கொடுத்தால், அசாதையோபிரின் எடுப்பதை அந்த மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் சேர்வது ஆபத்து. இதைக் குறிப்பேட்டின் பின்னட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம்.

புதிய ஆய்வுகளில் அதிகம் பேசப்பட்டது 2024-ல் வெளியான காமரோ என்ற ஆய்வு. புதிதாகச் சிகிச்சை தொடங்கிய 70 பேருக்குப் பிரெட்னிசலோனுடன், ஒரு பிரிவுக்கு நோய் எதிர்ப்பை அடக்கும் மைக்கோஃபெனலேட், இன்னொரு பிரிவுக்கு அசாதையோபிரின். 24 வாரத்தில் முதல் பிரிவில் 39 பேரில் 22 பேருக்கு அளவுகள் இயல்புக்கு வந்தன. இரண்டாவதில் 31 பேரில் 9 பேருக்கு. உடனே எல்லோரும் மாத்திரையை மாற்றக் கேட்கலாமா என்றால், வேண்டாம். ஆய்வு சிறியது, காலமும் குறைவு. அதோடு மைக்கோஃபெனலேட் கருவைப் பாதிக்கும். கர்ப்பமாகும் எண்ணம் உள்ள பெண்கள் அதை எடுக்கக் கூடாது. நம் உறுப்பினர்களில் பலர் அந்த வயதில் இருப்பதால் இந்தப் பகுதியை இரண்டு முறை வாசித்தோம்.

பித்தநாளம் பாதிக்கும் பிபிசி என்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களுக்குத் தனி அமர்வு ஒன்றுதான் நடத்த முடிந்தது. அதற்கு வழக்கமாகக் கொடுக்கும் அர்சோடிஆக்ஸிகோலிக் அமிலம் போதாதவர்களுக்காக எலாஃபிப்ரானர், செலடெல்பார் என்ற இரண்டு மருந்துகளை அமெரிக்கா 2024-ல் அனுமதித்த செய்தியைப் பகிர்ந்தோம். பித்தநாளங்கள் தழும்பேறிச் சுருங்கும் பிஎஸ்சி என்ற நோய் உள்ளவர்களுக்குச் சொல்ல அப்படி நல்ல செய்தி இல்லை. நோயின் போக்கை மாற்றும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்னும் வரவில்லை.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நம் வாட்ஸ்அப் குழுவில் “கல்லீரலைச் சுத்தம் செய்யும்” மூலிகைப் பொடி விளம்பரங்கள் மறுபடியும் தலைகாட்டுகின்றன. சில மூலிகைகளே கல்லீரலைக் கெடுக்கும். பயாப்சியில்கூட நம் நோயைப் போலவே தோன்றலாம். இனி அனுப்புபவர் யாராக இருந்தாலும் பதிவு நீக்கப்படும். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வரும் ஆண்டில் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றியும், நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் எடுக்கும்போது எந்தத் தடுப்பூசிகள் போடலாம், உயிருள்ள கிருமி கொண்டவற்றை ஏன் தவிர்க்க வேண்டும் என்பது பற்றியும் இரண்டு அமர்வுகள் திட்டமிட்டுள்ளோம். கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்ட உறுப்பினர்கள் தங்கள் அனுபவத்தைப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். புதிய கல்லீரலிலும் இந்த நோய் திரும்ப வரலாம் என்பதால் அவர்களுக்கும் மாத்திரை உண்டு.

கட்டணம் வாங்காமல் வந்து பேசிய மருத்துவர்களுக்கும், ஆய்வுகளை எளிய தமிழில் எழுதித் தந்த உறுப்பினர்களுக்கும் சங்கத்தின் நன்றி. புதிய செயற்குழுத் தேர்தல் பொருளாளர் அறிக்கைக்குப் பின் நடக்கும். இணைச் செயலாளர் பதவிக்கு இதுவரை யாரும் பெயர் கொடுக்கவில்லை; விருப்பமுள்ளவர்கள் இடைவேளைக்குள் தலைவரிடம் சொல்லவும்.

இப்படிக்கு,
செயலாளர்