கரையில் நிற்கிறவர்களையும் கணக்கில் எடுங்கள்

மகாராஷ்டிர மீன்வளத் துறை ஆணையர் அவர்களுக்கும் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். இந்த மடலின் மராத்திப் பிரதி உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வரும். தமிழிலும் எழுதக் காரணம், சயான் கோலிவாடா, அந்தாப் ஹில், தாராவி, செம்பூர் பக்கமிருந்து ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே ராடும் பையுமாகக் கிளம்பும் நம்ம ஆட்கள் இதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். தாத்தா காலத்தில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள்தான் பாதிப்பேர். ஊர் விட்டுப் போனாலும் தூண்டில் பழக்கம் விடவில்லை.

நாங்கள் கேட்பது இதுதான். மும்பைக் கடலிலும் கழிமுகங்களிலும் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்களை எண்ணுங்கள். ஒரு சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு ஆண்டுச் சீட்டு கொடுங்கள். அந்தப் பணத்தைத் தனியாக வைத்து, கரைக்கும், மும்பையின் பூர்வகுடிகளான கோலி மீனவர்களுக்கும் செலவழியுங்கள். எங்களிடம் பணம் வாங்குங்கள் என்று தானாக வந்து கேட்கிற கூட்டத்தை எந்த அரசு அலுவலகமும் அடிக்கடி பார்த்திருக்காது. சந்தேகப்படாமல் மேலே படியுங்கள்.

இந்தியாவில் பிடிபடும் கடல் மீனுக்குக் கணக்கு வைப்பது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம். அவர்களுடைய ஆட்கள் மீன் இறங்கும் தளங்களில் நின்று, வந்து சேரும் படகுகளில் மாதிரி எடுத்து மொத்தத்தைக் கணிக்கிறார்கள். சசூன் டாக், வெர்சோவா போன்ற இடங்களுக்கு இது சரிதான். பாந்த்ராவில் பாறை மேல் நின்று ஒருவர் பிடித்து, பையில் போட்டு, ஹார்பர் லைன் ரயிலில் ஏறிக் கொண்டுபோகிற மீன் எந்தத் தளத்திலும் இறங்குவதில்லை. ஆகவே மீன் கணக்கிலும் நாங்கள் இல்லை, பணக் கணக்கிலும் இல்லை. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கென்றே 2012-இல் தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுவிட்டது. வயிற்றுப்பாட்டுக்கு முக்கியமாக அதை நம்பாமல், பிடித்ததைப் பொதுவாக விற்காமல் மீன் பிடிக்கிறவர் என்பதுதான் அதில் எங்களுக்குக் கொடுத்த அடையாளம்.

பிடித்த மீனின் எடையை வைத்து எங்களை அளந்தால் சிரிப்புத்தான் வரும். பாதி நாள் வெறுங்கையோடு வீடு திரும்புகிறோம், வீட்டில் யாரும் ஆச்சரியப்படுவதுகூட இல்லை. ஆனால் அந்த வெறுங்கைக்குப் பின்னால் எவ்வளவு காசு கைமாறியிருக்கிறது என்று பாருங்கள். காலையில் மார்க்கெட்டில் மீன் விற்கிற கோலி மௌஷியிடம் (அத்தை மாதிரி, அப்படித்தான் கூப்பிடுவோம்) இறாலும் சின்ன மடவையும் வாங்க வேண்டும். ஓடு கெட்டியாக, தலை கழன்று விழாத இறாலாகப் பொறுக்கினால் திட்டு விழும். ‘சாப்பிடவா, மீனுக்கா?’ என்று கேட்பார். மீனுக்கு என்றால், சமையலுக்கு ஆகாத சின்னதும் பெரியதுமாக ஒரு குவியலைத் தனியே தள்ளி, அதற்கு ஒரு விலை சொல்வார். வேறு யாரும் வாங்காத சரக்கு அது. அப்புறம் பாறை இடுக்கில் சிக்கி அறுந்து போகிற ஈயக்குண்டு, தூண்டில் முள், நரம்பு என்கிற நைலான் கயிறு எல்லாவற்றையும் அடுத்த வாரம் மறுபடி வாங்க வேண்டும். புதிதாக வருகிற பையன் சுமாரான ராடும் ரீலும் வாங்கவே இரண்டாயிரம், மூன்றாயிரம் ஆகிவிடுகிறது. டீ, வடாபாவ், ஆட்டோ எல்லாம் தனி.

படகு எடுத்தால் கணக்கு இன்னும் பெரிது. மட் தீவிலோ உரண் பக்கத்திலோ ஒரு தாண்டேலை, அதாவது படகோட்டியைப் பிடித்து, நாலைந்து பேர் சேர்ந்து ஒரு நாளுக்குப் பேசுகிறோம். வலை போட்டு ஒன்றும் சிக்காத நாளில் டீசல் காசு அவருக்கு நஷ்டம். எங்களோடு வந்தால் மீன் கடித்தாலும் கடிக்காவிட்டாலும் வாடகை வாடகைதான். எந்தப் பாறைக்குப் பக்கத்தில் களவா இருக்கும், நீர் ஏறும்போது பாரை எந்தப் பக்கம் வரும் என்று அவர் அப்பா காலத்திலிருந்து தெரிந்து வைத்திருப்பதற்கு மீன் சந்தையில் விலை கிடையாது. எங்களிடம் உண்டு.

ஜிதாடாவையே எடுத்துக்கொள்ளுங்கள், நம்ம ஊர்க் கொடுவா. முதலில் ஆணாக முதிர்ந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறுகிற மீன் அது. பெரிய மீன் எல்லாம் பெரும்பாலும் முட்டையிடும் பெண்தான். ஏலத்துக்குப் போனால் அன்றைக்கு ஒரு நாள் விலை, அதோடு சரி. தூண்டிலில் பிடித்து, ஈரக்கையால் தாங்கி, முள்ளைக் கழற்றி, போட்டோ எடுத்துவிட்டுத் தண்ணீரில் விட்டால் அதே மீனுக்காக இன்னும் எத்தனையோ பேர் படகு வாடகை கொடுப்பார்கள். பெரிய கொடுவாவைக் கட்டாயம் திருப்பி விட வேண்டும் என்று சீட்டிலேயே அச்சடியுங்கள். முணுமுணுப்பு இருக்கும். இருக்கட்டும். 2023-இல் 54 வகை மீன்களுக்குக் குறைந்தபட்சப் பிடி அளவை நீங்களே நிர்ணயித்தீர்கள். வலைக்காரர்களுக்கு அளவுகோல் இருக்கும்போது தூண்டில்காரருக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு?

இப்படிச் சீட்டு கொடுத்து நடத்துவது உலகத்தில் யாரும் செய்யாத காரியம் இல்லை. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2001 முதல் கடலில் தூண்டில் போடுகிறவர்களிடமும் கட்டணம் வாங்குகிறது. அந்தப் பணம் பொதுக் கஜானாவில் கரையாமல் தனி அறக்கட்டளை நிதிக்குப் போகிறது. அதைக் கொண்டு தொழில்முறை மீனவர்களின் உரிமங்களை ஈடு கொடுத்து வாங்கி, 2002-இல் 30 இடங்களைத் தூண்டிலுக்கென்றே ஒதுக்கினார்கள். அமெரிக்காவில் 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தூண்டில் சாமான் மேல் போடும் வரி மாநிலங்களின் மீன் பாதுகாப்பு வேலைக்கே திரும்பி வருகிறது. நாங்களும் ராடுக்கும் ரீலுக்கும் ஜிஎஸ்டி கட்டுகிறோம். அதில் கடலுக்கென்று தனியாக ஒரு ரூபாயும் ஒதுக்குவதில்லை.

நியூ சவுத் வேல்ஸ் செய்ததை அப்படியே இங்கே செய்யாதீர்கள். இந்த ஒன்றைக் கெட்டியாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே தொழில் மீனவரைக் காசு கொடுத்து விலக்கினார்கள். இங்கே கோலிகளை ஏற்கெனவே எல்லாரும் விலக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கடலைத் தூர்த்தார்கள், கழிமுகத்தில் சாக்கடையை விட்டார்கள், பாலம் கட்டினார்கள். கடலோரமாகப் போட்ட கோஸ்டல் ரோடு என்கிற சாலையின் பாலத்தில் தூண்களுக்கு நடுவே 60 மீட்டர் இடைவெளி போதாது, படகு மோதும் என்று வொர்லி மீனவர்கள் நடையாய் நடந்து, போராடித்தான் 120 மீட்டர் வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை வேடிக்கைக்காக வருகிற எங்களுக்கு இடம் ஒதுக்கப்போய் அவர்களுடைய வலை போடும் இடம் ஒரு முழம் குறைந்தாலும் இந்தக் கோரிக்கையையே நாங்கள் வாபஸ் வாங்கிக்கொள்வோம். சீட்டை விற்பதும், படகு வாடகைக்கு விடுவதும், இரை விற்பதும் கோலிவாடா என்கிற கோலிக் குப்பங்களின் மீனவர் சங்கங்கள் கையில் இருக்கட்டும். ஜூன், ஜூலை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எங்களுக்காக இயந்திரப் படகு விடச் சொல்லவும் மாட்டோம்.

நிற்கிற இடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மும்பையில் பெரிய ஓதத்தின்போது நீர்மட்டம் நாலரை மீட்டரைத் தாண்டி ஏறும். அலையைத் தடுக்கக் கரையோரம் போட்டிருக்கும், பாசி படிந்த நாற்கால் சிமெண்ட் கட்டைகள் மேல் கால் வைத்து நிற்கிறவருக்கு அந்த ஏற்றம் முதுகுக்குப் பின்னால் வருவது தெரிவதில்லை. கடலோர நடைபாதை ஒன்றில் எங்களைக் காவலாளி விரட்டினார். சரி, அவர் வேலை அது. ஆனால் கம்பித் தடுப்போடு இருந்த அந்தப் பத்திரமான இடத்தில் இருந்து துரத்தியதால், இரண்டு பையன்கள் நேரே போய் நின்றது அந்தக் கட்டைகள் மேல். புதிதாகக் கட்டுகிற கரைகளில் நூறடி நீளம் ஒதுக்கி, கைப்பிடிக் கம்பி, ஒரு ஏணி, மிதவை வளையம், ஓத நேரம் எழுதிய பலகை வையுங்கள். அவ்வளவு போதும்.

எங்கள் பக்கத்திலும் சுத்தமில்லை. அறுந்த நரம்பை அலையாத்திக் காட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள், கொக்கும் உள்ளானும் அதில் மாட்டிச் சாகின்றன. கெளிறு கடித்தால் அதன் விஷ முள்ளுக்குப் பயந்து, திருப்பி விடாமல் கரையில் எறிந்து காயவிடுகிறவர்கள் உண்டு. சீட்டு இருந்தால் இவர்களுக்கு அபராதம் போடலாம். இப்போது யாரென்றே தெரியாது. காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள வேளா மீன், கடற்குதிரை போன்றவற்றின் படத்தையும் சீட்டின் பின்பக்கம் போட்டுக் கொடுங்கள். தூண்டிலில் என்ன மாட்டியிருக்கிறது என்றே தெரியாமல் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

பணத்தில் வராத ஒன்றும் இருக்கிறது. பாந்த்ராப் பாறையில் டாக்ஸி ஓட்டும் உத்தரப் பிரதேசக்காரர், கடை மூடிவிட்டு வரும் போஹ்ரா வியாபாரி, பேங்கில் ஓய்வுபெற்ற மாதுங்காக்காரர், பக்கத்துக் கோலிவாடாப் பையன் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் நரம்பு இன்னொருவர் நரம்போடு சிக்கிக்கொண்டால் அதை அவிழ்க்கிற கால் மணி நேரத்தில் ஒருவருக்கொருவர் வீட்டுக் கதை முழுக்கத் தெரிந்துவிடும். இந்த நகரத்தில் காசு கொடுக்காமல் உட்காரவே இடம் இல்லாதபோது, இதற்கு என்ன மதிப்புப் போடுவது என்பதை உங்களுக்கே விடுகிறேன்.

எண்ணும் வேலைக்கு உங்களுக்கு ஆள் இல்லை என்பது தெரியும். வெர்சோவாவில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவர்களை ஒரு ஆண்டு முழுக்க, ஓத நேரம் பார்த்து, வொர்லி முதல் மட் தீவு வரை ஞாயிறுதோறும் அனுப்பினால் எத்தனை பேர், என்ன மீன், எவ்வளவு செலவு என்று மூன்றும் கிடைத்துவிடும். கூட நின்று இடம் காட்ட எங்கள் ஆட்கள் வருவார்கள். கோலிகள் கடலுக்குத் தேங்காய் விட்டு வணங்கும் நாரளி பௌர்ணமி முடிந்து படகுகள் கடலுக்குப் போன பிறகு, கோலி சங்கங்களையும் எங்களையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரு கூட்டம் போடுங்கள். தேதியை மட்டும் ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டு வையுங்கள். நல்ல ஏற்றம் உள்ள நாளில் கூப்பிட்டால் பாதிப்பேர் வரமாட்டார்கள்.

இப்படிக்கு,
சயான் கோலிவாடாவிலிருந்து ஒரு தூண்டில்காரன்