பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். குளிர் வந்ததும் அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை. வாட்ஸாப்பில் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் தாளை எடுத்தேன். வேலை அதிகமாக இருக்கும். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

தூக்கம் வராமல் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்', அந்த அமெரிக்க அரசியல் தொடரை மறுபடி போட்டேன். 2013 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் 13 பாகத்தையும் ஒரே நாளில் விட்டபோது நீ பதினொன்றாம் வகுப்பு. முதல் காட்சியில் அடிபட்ட நாயின் கழுத்தை அந்த ஆள் நெரித்ததுமே அம்மா, "பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிற கதையா இது" என்று எழுந்து போய்விட்டாள். நாம் இரண்டு பேரும் நகரவில்லை. அப்புறம் கொஞ்ச காலம் சாப்பிட்டு எழும்போதெல்லாம் ஃப்ராங்க் அண்டர்வுட் மாதிரி விரல் முட்டியால் மேஜையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவாய். அவன் கையில் மோதிரம் இருந்தது, உன் கையில் ரசம்.

அப்போது எனக்கு அவனிடம் பிடித்தது அந்தக் கணக்குதான். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 435 பேர். எல்லாரும் வந்திருந்தால் 218 ஓட்டு வேண்டும். அதை ஓட்டெடுப்புக்கு முன்னாலேயே எண்ணி முடிப்பது கட்சிக் கொறடாவான அவன் வேலை. நம் ஊரில் கொறடா உத்தரவை மீறினால் 1985 சட்டப்படி பதவியே போய்விடும், உறுப்பினர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். இங்கே அப்படிச் சட்டம் கிடையாது. ஒவ்வொருத்தரையும் தனித்தனியாகப் பிடிக்கவேண்டும்; யாருக்குத் தொகுதியில் என்ன தலைவலி, யார் எதற்குப் பயப்படுவார் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கவேண்டும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். அப்பாவுக்கே பாடம் எடுக்கிற பிள்ளை என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

இப்போதும் பெருமைதான். பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் யாராவது கேட்டால் "பெண் காங்கிரஸில் இருக்கிறாள்" என்பேன். "எம்.பி.யா?" என்பார்கள். "எம்.பி. என்ன பேசவேண்டும் என்று எழுதிக் கொடுப்பவள்" என்பேன். வாஷிங்டனில் எம்.பி.க்களின் ஆபீஸ் இருக்கிற ரேபர்ன் கட்டடத்து வாசலில் அடையாள அட்டையோடு நீ நிற்கிற படம் எப்போதும் என் போனில் இருக்கிறது. படம் இருந்தால் போதும் என்று நீ நினைத்துவிட்டாய் போல. பொங்கலுக்காவது வந்திருக்கலாம். அத்தை கேட்டாள், ஏதோ மசோதா என்று சமாளித்தேன். என்ன மசோதா என்று அவள் கேட்காதது என் நல்ல நேரம்.

முதல் பாகம் ஞாபகம் இருக்கிறதா? அதிபர் தேர்தலில் கேரட் வாக்கரை ஜெயிக்கவைக்கப் பாடுபட்டவன் அண்டர்வுட். வெளியுறவுத் துறை உனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். எல்லாம் கைகூடி வரும் நேரத்தில் வாக்கரின் தலைமை அதிகாரி, அந்த லிண்டா வாஸ்குவெஸ் கூப்பிட்டு, கல்வி மசோதா நிறைவேற நீங்கள் சபையிலேயே இருக்கவேண்டும் என்று சொல்லிவிடுகிறாள். நீங்கள் இல்லாமல் இங்கே வேலை நடக்காது! இதைவிட நயமாக ஒருத்தரை ஏமாற்ற முடியாது பாப்பா. நன்றாக வேலை பார்க்கிறவர்களிடம்தான் இதைச் சொல்வார்கள். என் ஆபீஸிலும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்று அவன் வீட்டுக்குப் போன் செய்யவில்லை. ராத்திரி வந்து நிற்கிறான். மனைவி கிளேருக்குப் பதவி போனதைவிட, இவ்வளவு பெரிய விஷயம் நடந்தும் தன்னைக் கூப்பிடவில்லையே என்றுதான் கோபம். அன்றைக்கு அந்தக் காட்சி எனக்குப் பெரிதாகப் படவில்லை. இப்போது அதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றிப் பிடிக்கிறார்கள். உன்னைச் சிகரெட் பிடிக்கச் சொல்லவில்லை. நீ பிடிக்கமாட்டாய், தெரியும். பிடிக்கிறாயா?

நேரத்துக்குச் சாப்பிடு. அந்தக் கொலைகாரன்கூட ஃப்ரெடி கடைக்குப் போய் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடுவான்.

சொந்த ஊர் காஃப்னியில் சர்ச்சில் அவன் பேசுவானே, அப்பா 43 வயதில் மாரடைப்பில் போனதைச் சொல்லி எல்லாரையும் உருகவைத்துவிட்டு, நம் பக்கம் திரும்பி அந்த அப்பாவைத் தனக்கு அவ்வளவாகத் தெரியாது என்பான். மூன்றாவது சீசன் தொடக்கத்தில் அந்த அப்பாவின் சமாதியில் அவன் செய்ததை நான் எழுதமாட்டேன். நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. (கதையில் வருகிற அந்தப் பீச் பழ வடிவத் தண்ணீர்த் தொட்டி நிஜமாகவே காஃப்னியில் ஐ-85 ஓரத்தில் இருக்கிறது. அட்லாண்டா போனபோது எழுப்பினேன், நீ கண்ணைத் திறக்கவில்லை.)

நீ அண்டர்வுட்டைப் பார்த்தாய். நான் அவனுடைய உதவியாளன் டக் ஸ்டாம்பரைப் பார்த்தேன். இதைத்தான் சொல்ல வந்தேன், சுற்றி வளைக்கிறேன். அண்டர்வுட் தன் பெயரில் ஒரு ஓட்டுகூட விழாமல் துணை அதிபர், அதிபர் என்று ஏறிப் போனான், சரி. டக் என்ன ஆனான்? ஆபீஸ் முடிந்தால் யாருமில்லாத வீடு. குடியை விட்ட மனுஷன், அந்த இடத்தில் முதலாளியை வைத்துக்கொண்டான். அவனுக்குக் கூடப்பிறந்தவன் ஒருத்தன் இருப்பதே மூன்றாவது சீசனில்தான் நமக்குத் தெரிகிறது. 2018-ல் வந்த கடைசி சீசனில் அண்டர்வுட் இல்லை. கொன்றது டக்தான் என்று முடித்தார்கள். அத்தனை விசுவாசமும் அங்கேதான் போய் நின்றது. உன் ஆபீஸில் இருப்பவர்களுக்கு எடிசனில் உனக்கு அப்பா அம்மா இருப்பது தெரியுமா?

கேட்கமாட்டேன் என்று மேலே எழுதியிருக்கிறேன், கேட்கவும் இல்லை. உன் சித்தப்பா மகன் தானாகச் சொன்னான், அவனைத் திட்டாதே. உனக்கென்று சொல்லி வைத்திருந்த இடத்துக்கு வெளியிலிருந்து ஆள் வந்திருக்கிறதாம். ஆகட்டும். அம்மாவுக்கு நான் சொல்லவில்லை.

கோபத்தில் யாருக்கும் எதையும் அனுப்பாதே. நிருபர்களோடு காபி குடிக்கப் போகாதே. அண்டர்வுட் அந்தக் கல்வி மசோதா நகலை நிருபர் ஜோயி பார்ன்ஸ் கையில் கொடுத்ததில் ஆரம்பித்தது; சக எம்.பி. ரஸ்ஸோவைக் கார் ஷெட்டுப் புகையில் கொன்றான், ஜோயியை ரயில் முன்னால் தள்ளினான். நீ அப்படியெல்லாம் செய்யமாட்டாய் என்று எனக்குத் தெரியாதா? கோபத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் இருப்பாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நேரத்துக்குச் சாப்பிடு. கூப்பிடு. பேசப் பிடிக்காவிட்டால் போனை மேஜையில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார், நான் பாட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பேன்.

சனிக்கிழமை வருகிறேன். மெட்ரோபார்க்கில் ஏறினால் மூன்று மணி நேரம். டிக்கெட் எடுத்தாயிற்று, வேண்டாம் என்று சொன்னால் பணம் போய்விடும். அம்மாவுக்கு முழங்கால் ஒத்துழைத்தால் அவளும் வருவாள். இல்லையென்றால் இட்லி மாவு மட்டும் வரும். யூனியன் ஸ்டேஷனுக்கு நீ வரவேண்டாம், நானே வந்துவிடுவேன். ஃப்ரிட்ஜில் இரண்டு டப்பாவுக்கு இடம் செய்து வை.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: உன் கட்டடத்தில் கீழ்வாசல் கதவுக்கு ஏதோ எண் அழுத்தவேண்டுமே, போன தடவை அழுத்தியது நினைவில்லை. அதை மட்டுமாவது வாட்ஸாப்பில் போடு.