ஷாஃப்ஹவுசன் வெற்றிக்கு அரங்கமா காரணம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுவிட்சர்லாந்தின் காடெட்டன் ஷாஃப்ஹவுசன் ஹேண்ட்பால் கழகத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த ஆட்டத்தைப் பற்றித் தமிழில் யாராவது எழுதுவதே அபூர்வம், அதற்கு நன்றி. ஆனால் தொழிலதிபர் ஒருவர் அரங்கம் கட்டினார், கோப்பைகள் குவிந்தன, அதைப் பார்த்துப் பிள்ளைகள் தேடி வந்தார்கள் என்று கட்டுரை சொல்லும் வரிசை தலைகீழானது.

அதற்கு முன் ஒரு சொல் தகராறு. கட்டுரை முழுக்க 'கைப்பந்து' என்றே எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டு வாசகருக்கு அந்தச் சொல் வாலிபாலைத்தான் காட்டும். 'எறிபந்து' என்றால் பள்ளி மைதானத்து த்ரோபால் நினைவுக்கு வரும். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத் தளத்தில், பக்கத்துக்கு ஏழு பேர், 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமுமான கோலுக்குள் கையால் பந்தை அடிக்கும் ஆட்டம் இது. ஹேண்ட்பால் என்றே எழுதிவிடுவது நல்லது.

இனி அரங்கம். ஷாஃப்ஹவுசனின் பிபிசி அரினா திறக்கப்பட்டது 2011இல். (அந்த மூன்றெழுத்துக்கும் லண்டன் வானொலிக்கும் சம்பந்தமில்லை, ஜோர்ஜோ பேர் என்ற தொழிலதிபரின் குழுமப் பெயர் அது.) கழகம் முதன்முதலாகச் சுவிஸ் சாம்பியன் ஆனதோ 2005இல். 2006, 2007, 2010 ஆண்டுகளிலும் பட்டம் அவர்களுக்கே. 2010இல் ஐரோப்பிய ஹேண்ட்பால் கூட்டமைப்பு நடத்தும் இ.எச்.எஃப் கோப்பையின் இறுதிச் சுற்று வரை போய் ஜெர்மனியின் லெம்கோவிடம் தோற்றார்கள். அதாவது, அரங்கம் எழுவதற்கு முன்பே அணி எழுந்துவிட்டது. பேருடைய பணம் உதவவில்லை என்று சொல்ல மாட்டேன், நிறையவே உதவியது. ஆனால் பணத்தால் ஒரு முன்னணி அணியை வாங்கலாம். பதினான்கு வயதில் சரியாகத் தாவி எறியத் தெரிந்த இருபது பிள்ளைகளை வாங்க முடியாது.

'காடெட்டன்' என்ற பெயரைக் கட்டுரை 'படைவீரர்கள்' என்று பெயர்த்திருக்கிறது. அது பள்ளிச் சிறுவர்களுக்கான காடெட் படையைக் குறிக்கும். நம் ஊர் என்.சி.சி.யை நினைத்துக்கொண்டால் ஏறக்குறையச் சரி. சுவிஸ் நகரங்களில் ஒரு காலத்தில் அணிவகுப்பும் துப்பாக்கிப் பயிற்சியும் கொடுத்த அந்த அமைப்புகள் மெல்ல மெல்ல விளையாட்டுப் பக்கம் திரும்பின. இந்த நாட்டில் கழகப் பெயர்களே வரலாறு சொல்லும். 1938இல் தொடங்கிய ஃபாடி வின்டர்தூரில் 'ஃபாடி' என்பது சாரணர்களுக்கான பேச்சுவழக்குச் சொல். சங்க்ட் கேலன் நகரின் சங்க்ட் ஒட்மார், கத்தோலிக்க இளைஞர்களிடையே பிறந்து ஒரு புனிதரின் பெயரைத் தாங்கியது. 1982இல் ஐரோப்பியச் சாம்பியன் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போய் ஹொன்வேத் புடாபெஸ்டிடம் தோற்றது. பாசெலின் ஆர்.டி.வி. பள்ளி மாணவர்களின் ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கம். பெண்கள் ஹேண்ட்பாலில் கோலோச்சும் எல்.சி. ப்ரூல் தடகளச் சங்கமாகத் தொடங்கியது. சாரணர், மாணவர், தேவாலயம், உடற்பயிற்சி என்று எங்கோ பிள்ளைகள் ஏற்கெனவே கூடியிருந்தார்கள். ஹேண்ட்பால் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டது. பக்கத்துக்குப் பதினொரு பேர் புல்வெளியில் ஆடிய பழைய வடிவத்திலேயே, 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் சுவிஸ் அணி வெண்கலம் வென்றுவிட்டது.

கட்டுரை ஒரு வரிகூடத் தராமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. சுவிஸ் அரசின் 'யுகென்ட் உன்ட் ஷ்போர்ட்', அதாவது 'இளையோரும் விளையாட்டும்' என்ற திட்டம் 1972 முதல் நடக்கிறது. அதற்கு முன் இருந்தது பையன்களுக்கு மட்டுமான, ராணுவத்துக்கு ஆயத்தம் செய்யும் பயிற்சி. 1972இல்தான் பெண் பிள்ளைகளும் சமமாக உள்ளே வந்தார்கள். இன்று 5 வயது முதல் 20 வயது வரை உள்ளவர்களுக்கான பயிற்சிக்கு அரசு கழகத்துக்குப் பணம் தருகிறது. கட்டடத்துக்கு அல்ல, எத்தனை பிள்ளைகள் எத்தனை மணி நேரம் வந்தார்கள் என்ற கணக்குக்கு. பயிற்சி தருபவர் அரசின் பயிற்சியாளர் படிப்பை முடித்தவராக இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுபயிற்சிக்குப் போகாவிட்டால் அவருடைய அங்கீகாரம் முடங்கிவிடும். கழகத்தில் ஒருவர் இதற்கென்றே வருகைப் பதிவையும் படிப்புத் தேதிகளையும் பார்த்துக்கொள்வார். வெளியிலிருந்து பார்த்தால் குமாஸ்தா வேலை. ஆனால் சிறிய கழகங்கள் இடறுவது இங்கேதான்: பதிவு எழுதாமல் விட்ட பருவத்துக்குப் பணம் இல்லை; அங்கீகாரம் முடங்கியவர் நடத்திய வகுப்பு கணக்கில் ஏறாது. தொகை பெரிதல்ல. கணக்கு ஒழுங்காக இருந்தால் பயிற்சியும் ஒழுங்காக இருக்கும் என்பதே இதன் லாபம்.

அடுத்து, சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பது. கட்டுரையோடு வந்த படத்தில் ஒன்பது வயதுச் சிறுமி 3ஆம் எண் பந்தை இரு கைகளாலும் அணைத்தபடி நிற்கிறாள். படத்துக்காகக் கொடுத்திருப்பார்கள் என்று நம்புகிறேன். அது 58 முதல் 60 சென்டிமீட்டர் சுற்றளவும் 425 முதல் 475 கிராம் எடையும் கொண்ட, 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கான பந்து. அவள் வயதுக்கு உரியது 1ஆம் எண்: 50 முதல் 52 சென்டிமீட்டர், 290 முதல் 330 கிராம். அதற்கும் கீழே உள்ள குழந்தைகளுக்கு மென்பந்து. இந்த வித்தியாசத்தை அற்பமாக நினைக்க வேண்டாம். கைக்குள் அடங்காத பந்தை எறியும் குழந்தை முழங்கையைத் தோளுக்குக் கீழே இறக்கிவிடும். எறிவதற்குப் பதில் தள்ளும். அந்தப் பழக்கம் 12 வயதில் படிந்தால் 15இல் திருத்துவது பெரும்பாடு. அதற்குள் தோள் வலியும் சேர்ந்திருக்கும்.

தளமும் அப்படியே சிறிதாக வேண்டும். பெரிய சுவிஸ் அரங்கங்கள் பலவற்றில் மேலிருந்து இறங்கும் திரைகள் தளத்தை மூன்றாகப் பிரிக்கும். ஒவ்வொரு பகுதியிலும் குறுக்குவாட்டில் ஒரு சிறு தளம்; நான்கு பேரும் ஒரு கோல்கீப்பரும்; கோலின் குறுக்குக் கம்பத்தைத் தாழ்த்திவிடுவார்கள். 2 மீட்டர் உயரக் கோலில் ஒன்பது வயதுக் கீப்பரை நிறுத்தினால் மேலே போகும் எந்தப் பந்தும் கோல்தான். ஒரே பருவத்தில் அந்தப் பிள்ளை கோலை வெறுத்துவிடும். பிறகு 17 வயது அணிக்குக் கீப்பர் இல்லை என்று ஊர் ஊராகத் தேட வேண்டும்.

பந்தோடு மூன்று எட்டு வைக்கலாம், மூன்று விநாடி கையில் வைத்திருக்கலாம் என்பது விதி. வலக்கைக்காரர் இடது, வலது, இடது என்று வைத்து இடக்காலில் தாவ வேண்டும். குழந்தைகளில் பலர் எறியும் கைப் பக்கத்துக் காலிலேயே தாவுவார்கள். உடல் திரும்பாது, வேகம் வராது. பந்தில்லாமல், தரையில் ஒட்டிய வளையங்களில் கால் வைக்கப் பழக்கித்தான் இதைச் சரிசெய்ய முடியும். இடக்கைப் பிள்ளை ஒன்று கிடைத்தால் தளத்தின் வலப்பக்கம் அனுப்ப வேண்டும். அங்கிருந்து அவன் கைக்குக் கோலின் கோணம் விரியும். எறி பலமாக இருக்கிறது என்று இடப்பக்கம் நிறுத்தி அந்த வரத்தை வீணாக்கும் பயிற்சியாளர்களும் உண்டு.

எல்லாவற்றையும்விடப் பெரிய சோதனை தடுப்பாட்டம். பதினோரு வயதுப் பிள்ளைகளைக் கோலைச் சுற்றிய 6 மீட்டர்க் கோட்டில் சுவர்போல வரிசையாக நிறுத்தினால் வரும் ஞாயிறு ஆட்டத்தை வென்றுவிடலாம். எதிரணிச் சிறுவர்களுக்கு 9 மீட்டரிலிருந்து எறியப் பலம் இருக்காது. பெற்றோர் கைதட்டுவார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் ஒருவரைத் துரத்தவோ, பந்தின் பாதையை ஊகித்துப் பறிக்கவோ கற்றிருக்க மாட்டார்கள். ஆளுக்கு ஆள் காவல் ஆடும் அணி சிறுவயதில் நிறையத் தோற்கும். தோல்விப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பயிற்சியாளரை மாற்றாத நிர்வாகம்தான் நல்ல இளையோர் பிரிவு. என்னைக் கேட்டால், எந்தக் கழகத்தை அளக்கவும் இந்த ஓர் அளவுகோல் போதும்.

பிசினைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பந்து நழுவாமல் இருக்கப் பெரியவர்கள் விரலில் 'ஹார்ட்ஸ்' என்ற பிசினைத் தடவி ஆடுகிறார்கள். நகராட்சி அரங்கங்கள் பலவற்றில் அதற்குத் தடை. தரையைச் சுத்தம் செய்து மாளாது. ஆகவே பிசினில்லாமல் வளரும் பிள்ளை 16, 17 வயதில் உயர்மட்ட அணிக்குப் போகும்போது பந்து கையை விட்டுப் பிரியும் நேரமே மாறிப்போகும். முதல் சில வாரங்கள் எறியெல்லாம் தரையில் விழும். திறமை போய்விட்டது என்று அவசரப்படக் கூடாது.

தேர்வைப் பற்றிக் கட்டுரை 'சிறந்தவர்களை 13 வயதிலேயே கண்டுபிடிக்கிறார்கள்' என்கிறது. வயதுப் பிரிவு ஜனவரி முதல் தேதியில் தொடங்குவதால் அந்த வயதில் 'சிறந்தவர்' என்பது பல நேரம் ஜனவரியில் பிறந்தவர், அல்லது மீசை முதலில் அரும்பியவர். இது தெரிந்துதான் சுவிஸ் ஒலிம்பிக் அமைப்பின் 'பிஸ்டெ' என்ற மதிப்பீட்டு முறை, எறியும் வேகத்தோடு உயிரியல் வளர்ச்சியையும் ஆர்வத்தையும் பயிற்சியாளரின் கணிப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. தேர்வாகும் இளையோருக்குத் தேசிய, வட்டார, உள்ளூர் நிலைகளில் திறமை அட்டை கொடுப்பது இப்படித்தான். சிறந்தவர் எல்லாரும் ஒரே கழகத்தில் உருவாவதும் இல்லை. ஜெர்மனியின் முதல்நிலைத் தொடரான பூண்டஸ்லிகாவில் 2014 முதல் 2018 வரை தொடர்ந்து ஐந்து முறை சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய ஆண்டி ஷ்மிட் ஷாஃப்ஹவுசன் பட்டறையில் உருவானவர் அல்லர். சூரிச் ஏரிக்கரை ஹோர்கனில் பிறந்தவர்.

பிள்ளைகள் கழன்றுகொள்வது 16 வயதில். கட்டாயக் கல்வி முடிந்ததும் சுவிஸ் இளையோரில் பெரும்பாலோர் தொழிற்பயிற்சியில் சேர்கிறார்கள். காலை ஏழு மணிக்குப் பட்டறை, மாலையில் பயிற்சி, வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளி. விளையாட்டுக்கு ஒத்துழைக்கும் முதலாளி கிடைத்தால் மூன்றாண்டுப் பயிற்சியை நான்காக நீட்டித் தருவார். கிடைக்காவிட்டால் பையன் நின்றுவிடுவான். ஷாஃப்ஹவுசன் இந்த இடைவெளியில்தான் 'எஸ்புவார்' என்ற இரண்டாம் அணியை வைத்து, அதை நாட்டின் இரண்டாம் நிலைத் தொடரில் பெரியவர்களோடு மோதவிட்டது. முதல் அணியின் பெஞ்சில் குந்தியிருப்பதைவிட அங்கே முழு 60 நிமிடம் அடிவாங்குவது 18 வயதுக்கு மேலானது. பெண் பிள்ளைகள் விஷயத்தில் முழங்கால் தசைநார்க் கிழிசலும் சேர்ந்துகொள்ளும். நார்வேயில் 120 கழகங்களில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், முறையான உடற்சூடேற்றப் பயிற்சி முழங்கால், கணுக்கால் காயங்களை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. பத்து நிமிடம் தாமதமாகத் தளம் கிடைத்தால் முதலில் வெட்டப்படுவதும் அந்தப் பயிற்சிதான்.

கட்டுரையாளர் மறுபடி அந்த ஊருக்குப் போவதாக இருந்தால், முன்னணி அணியின் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்க வேண்டாம். குழந்தைகள் போட்டி நடக்கும் ஒரு நாளில், திரை இறக்கிய மூன்று தளங்களையும் சுற்றிப் பார்க்கட்டும். விசில் யார் கையில், நேரக்கணக்கு மேசையில் யார் என்று கேட்கட்டும். எத்தனை அணி வைத்திருக்கிறதோ அதற்கேற்ப நடுவர்களைக் கழகமே தர வேண்டும், குறைந்தால் தண்டத்தொகை கட்ட வேண்டும். ஆகவே விசில் வைத்திருப்பவர் பெரும்பாலும் அதே கழகத்தில் ஆடும், இன்னும் வாக்குரிமை வராத ஒரு பிள்ளையாக இருக்கும். அந்தப் பிள்ளையையும் ஒரு பேட்டி எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்
ஷாஃப்ஹவுசன்