மஸ்ஸினியின் அப்பா

அன்பு மகளுக்கு,

கட்டுரை வரைவைப் படித்தேன். லண்டனில் இருந்த ஈலிங் திரைப்பட ஸ்டுடியோவின், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நகைச்சுவைப் படங்களில் வெள்ளையரல்லாதவர்களை எண்ணிப் பார்த்து, கிட்டத்தட்ட யாருமில்லை என்று முடித்துவிட்டாய். கணக்கு சரி. ஆனால் யாரை எடுத்துவிட்டு யாரை வைத்தார்கள் என்று தேடினால்தான் விஷயம் பிடிபடும்.

'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்' (1949) படத்தை எடுத்துக்கொள். நாயகன் லூயி மஸ்ஸினியின் அம்மா பிரபு வீட்டுப் பெண், அப்பா இத்தாலிய ஓபரா பாடகர். மூலக்கதை ராய் ஹார்னிமன் 1907இல் எழுதிய நாவல். அதில் நாயகன் பெயர் இஸ்ரேல் ராங்க், அப்பா யூதர். திரைக்கு வரும்போது யூதர் இத்தாலியர் ஆகிவிட்டார். அந்தக் காலத்தையும் பார்: 1948இல் டேவிட் லீனின் 'ஆலிவர் ட்விஸ்ட்' படத்தில் அலெக் கின்னஸ் போட்ட, சிறுவர்களைத் திருட வைக்கும் யூதக் கிழவன் ஃபேகின் வேடத்துக்கு யூதர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு, அமெரிக்காவில் 1951இல்தான், வெட்டிய பிறகு, படம் வெளிவந்தது. அதே கின்னஸ்தான் இங்கே எட்டு வேடங்களில் வருகிறார். அதில் ஒன்று, பெண் வாக்குரிமைப் போராளி லேடி அகதா. போராளிப் பெண்ணாக ஓர் ஆண் நடிக்க, பலூனோடு விழுந்து செத்துப்போகிறாள், அரங்கம் சிரிக்கிறது. இதற்கு உன் வரைவில் ஒரு வரிகூட இல்லையே!

எந்தப் பிரதியைப் பார்த்தாய்? பிரிட்டிஷ் பிரதியில் ஒரு குழந்தைப் பாட்டில் கறுப்பரை இழிக்கும் சொல் வரும். அமெரிக்கப் பிரதியில் அந்த இடத்தில் 'மாலுமி'. அது சுமார் ஆறு நிமிடம் குறைவு, முடிவும் வேறு. ஓட்ட நேரத்தைக் குறிக்காமல் வசனத்தை மேற்கோள் காட்டினால் தேர்வாளர் ஒரே கேள்வியில் மடக்கிவிடுவார்.

'பாஸ்போர்ட் டு பிம்லிகோ'வை மறுபடி பார். இம்முறை ஒலியை அணைத்துவிட்டு. கூட்டம் வரும் இடங்களில் நிறுத்தி, சட்டகத்தில் யார் நிற்கிறார்கள் என்று எழுது. நடிகர் பட்டியலை மட்டும் நம்பாதே, பேசாமல் நிற்பவர்கள் பெயர் அதில் வராது. லண்டன் தெருக்காரர்கள் பழைய பட்டயம் ஒன்றைக் கண்டெடுத்து, தாங்கள் பர்கண்டி (இன்றைய பிரான்ஸில் உள்ள பழைய ஆட்சிப்பகுதி) நாட்டவர் என்கிறார்கள். சுரங்க ரயிலை நிறுத்திப் பயணிகளிடம் பாஸ்போர்ட் கேட்கிறார்கள். 'வின்ட்ரஷ்' கப்பல் குடியேற வந்த கரீபியத் தீவினரோடு இங்கிலாந்தின் டில்பரி துறைமுகத்துக்கு வந்தது 1948 ஜூனில். படம் மறு ஆண்டு. அந்நியராக இருப்பதை வைத்தே இவ்வளவு சிரிப்பு, ஆனால் அந்நியர் வேடம் முழுக்க உள்ளூர்க்காரர்களுக்கே. 'விஸ்கி கலோர்' படத்தின் தீவுவாசிகளும் அப்படித்தான்: ஸ்காட்டியர் ஒரு பக்கம், ஆங்கிலேயக் கேப்டன் வாகெட் மறுபக்கம், அதோடு வேற்றுமை முடிந்தது.

அந்த ஸ்டுடியோவுக்குக் கறுப்பு நடிகர்களே தெரியாது என்று மட்டும் எழுதிவிடாதே. 1951இல் அவர்களே எடுத்த 'பூல் ஆஃப் லண்டன்' படத்தில் பெர்முடாக்காரர் ஏர்ல் கேமரனுக்கு முக்கிய வேடம். வெள்ளைக்காரப் பெண்ணோடு நெருக்கமும் காட்டினார்கள். அது குற்றக்கதை. கேமரனுக்குக் குற்றக்கதையில் கிடைத்த இடம் நகைச்சுவையில் ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் உன் அத்தியாயம்.

வரைவைத் திருத்தியதும் அனுப்பு. பிரதி விவரத்தை அடிக்குறிப்பில் போட்டுவிடு. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா