'பப்ஜி' என்று தலைப்பு வைப்பதற்கு முன்

தொலைக்காட்சிச் செய்தி ஆசிரியர்களுக்கும், செய்தியாளர்களைச் சந்திக்கும் காவல்துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

2022 ஜூனில் லக்னோவில் தன் அம்மாவைச் சுட்டுக் கொன்றதாக 16 வயதுப் பையன் ஒருவன் பிடிபட்டான். போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டான பப்ஜியை விளையாட விடாததால்தான் கொன்றான் என்று செய்தி நாள் முழுக்க ஓடியது. அதைப் பார்த்த என் அம்மா, அன்று இரவு தம்பியை அறைக் கதவைத் திறந்து வைத்துத் தூங்கச் சொன்னார். அவனுக்கு அப்போது 15 வயது. பள்ளி நண்பர்கள் மூன்று பேரோடு ஸ்குவாட் (அணி) சேர்ந்து அது மாதிரி விளையாட்டு ஆடுவான். தோற்றால் கொஞ்சம் கத்துவான், அப்புறம் சாப்பிட வந்துவிடுவான். அம்மா தன்னைப் பார்த்துப் பயப்படுகிறார் என்பது அவனுக்கும் புரிந்துவிட்டது.

அதே செய்தியில் துப்பாக்கி ஒன்றும் இருந்தது. அப்பாவின் பெயரில் உரிமம் பெற்றது. அது எப்படிப் பையன் கைக்கு எட்டியது, அந்த வீட்டில் அதற்கு முன் என்ன நடந்தது என்று நான் பார்த்த எந்த விவாதத்திலும் யாரும் கேட்கவில்லை. விளையாட்டின் பெயர் கிடைத்ததும் கேள்விகள் நின்றுவிட்டன. இத்தனைக்கும் பப்ஜி 2020 செப்டம்பரிலேயே 117 செயலிகளோடு சேர்த்துத் தடை செய்யப்பட்டிருந்தது. அதற்கு அரசு சொன்ன காரணமும் வன்முறை அல்ல, நாட்டின் பாதுகாப்பு.

அதற்கு முன்பே, குஜராத்தின் ராஜ்கோட்டில் 2019 மார்ச்சில் உள்ளூர்த் தடையை மீறிப் போனில் பப்ஜி ஆடியதற்காகவே 10 பேரைக் காவல்துறை கைது செய்தது. அவர்களில் கல்லூரி மாணவர்களும் உண்டு. யாரையும் அவர்கள் அடிக்கவில்லை. 2007இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றபோதும் வீடியோ கேம்தான் காரணம் என்று தொலைக்காட்சியில் உடனே பேசினார்கள். அவன் அறையைச் சோதித்த போலீசுக்கு ஒரு கேம்கூடக் கிடைக்கவில்லை.

தூக்கம் கெட்டு, படிப்பு கெட்டு விளையாடும் பிள்ளைகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களுக்கு மனநல மருத்துவர் வேண்டும். அவர்களைக் கொலைகாரர்கள் வரிசையில் நிறுத்தினால் எந்தப் பெற்றோர் வெளியே சொல்லி உதவி கேட்பார்கள்?

விசாரணை முடியும் முன் முதல் பேட்டியிலேயே காரணத்தை அறிவிக்காதீர்கள், ஐயா. ஆசிரியர்களே, வழக்கு முடிந்ததும் அங்கே என்ன தெரியவந்தது என்பதையும் முதல் நாள் போட்ட அதே அளவு எழுத்தில் போடுங்கள். என் அம்மா அதையும் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
15 வயதில் விளையாடிக்கொண்டிருந்த ஒருவனின் அக்கா