புதுமண்டபத்தைப் பூட்டி வைக்காதீர்கள்

மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயில் நிர்வாகத்தாருக்கும் மதுரை மாநகராட்சியாருக்கும் வணக்கம்.

கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே நிற்கும் புதுமண்டபத்தில் இருந்த கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியது சரி என்று நினைப்பவன் நான். 2018 பிப்ரவரியில் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்த பிறகு, கல்தூணை ஒட்டித் துணி மூட்டையும் மின்வயரும் கிடப்பதை மதுரைக்காரர் யார் பொறுப்பார்? கரும்பு தின்னும் கல்யானையும், மீனாட்சியான தடாதகைப் பிராட்டியும், வரிசையாக நிற்கும் நாயக்க மன்னர்களும் பலகை மறைப்பிலிருந்து வெளியே வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே.

அதற்காக, அங்கே இருந்ததெல்லாம் வெறும் ஆக்கிரமிப்பு என்று எழுதிவிடாதீர்கள். வெயில் காலத்தில் சுவாமியும் அம்மனும் எழுந்தருளும் வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் கட்டியது அந்த மண்டபம். நடுமேடையைச் சுற்றித் தண்ணீர் நிறுத்த வழி வைத்தே கட்டினார்கள். பின்னாளில் தையல், வளையல், பாத்திரம், புத்தகம் என்று ஊருக்கே கடைவீதியாகிப் போனது. பள்ளி ஆண்டுவிழாவுக்குப் பாரதியார் கோட்டு வேண்டுமா, பரதநாட்டிய உடை வேண்டுமா, புதுமண்டபத்துக்குத்தான் ஓடுவோம்.

சித்திரைத் திருவிழா நெருங்கினால், அழகர் வேடம் போடுவதாகக் கள்ளழகருக்கு நேர்ந்துகொண்டவர்கள் கிராமங்களிலிருந்து வந்து நிற்பார்கள். தையல்காரர் கழுத்தில் தொங்கும் டேப்பை உருவி இடுப்பளவு எடுப்பார். சிவப்புத் துணியில் சல்லடம் என்னும் குட்டைக் கால்சட்டை வெட்டி, ஓரத்துக்குச் சரிகை வைத்து, தலைக்கு உருமாவும் தைத்துத் தருவார். வேண்டுதல் எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டு, வளரும் பிள்ளையாக இருந்தால் உள்ளே துணி மடித்து விடுவார். அழகர் வேடம் தைத்தவர்களில் இஸ்லாமியர்களும் உண்டு. இதைவிட எதைச் சொல்லி இந்த ஊரைப் பிறருக்கு அறிமுகப்படுத்துவது?

இன்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மண்டப வாசலில் நின்று, "டெய்லர் கடையெல்லாம் எங்கே போச்சு?" என்று கேட்கிறார்கள். வாசலிலேயே பெரிய எழுத்தில் ஒரு வழிகாட்டிப் பலகை வையுங்கள். உள்ளே, சிற்பங்களின் விவரத்தோடு அங்கே தொழில் செய்தவர்களின் வரலாற்றையும் எழுதி வையுங்கள்.

மண்டபத்தை விழா நாளுக்கு மட்டும் திறக்கும் இடமாக்கிவிடாதீர்கள். அங்கே தினமும் ஜனம் உட்கார வேண்டும். மாலையில் நாகசுரமும் தேவாரமும் கேட்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு யாராவது தூண் தூணாகக் கதை சொல்ல வேண்டும். வைகாசி வசந்த விழாவுக்கு நடுமேடையைச் சுற்றித் தண்ணீர் நிற்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். பங்குனி மாதத்தில் மட்டும், அழகர் உடைக்கு அளவெடுக்கத் தையல்காரர்களுக்கு மண்டபத்தில் இடம் கொடுங்கள். மெஷின் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், துணி மூட்டையும் வேண்டாம். ஒரு மேசை, ஒரு நோட்டு, ஒரு டேப் போதும். தைப்பதைச் சத்திரத்தில் தைத்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
மதுரைக்காரன் ஒருவன்